கொக்குவிலா, கோண்டாவிலா, இணுவிலா? முதலில் ஒழுங்கையைப் பாருங்கோ

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறீர்கள். அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில், ஆனால் நீங்கள் அங்கே வளரவில்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னன். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றான பிறகு ஊரோடு வந்துவிட யோசிக்கிறீர்கள். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிக் காசு தருகிறார். இரண்டு பரப்புக் காணி வாங்கி வீடு கட்டுவதா, கட்டின வீடாகப் பார்ப்பதா, விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது, வந்து இருந்தால் ஊர்ச் சனத்தோடு ஒட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. நில அளவையாளர் ஒருவரிடம் 14 வருடம் அளவைச் சங்கிலி பிடித்தவன். பிறகு எங்கள் சனசமூக நிலையத்தில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், செயலாளராக இருந்தேன். கோண்டாவில்காரன். அதனால் நான் சொல்வதில் கோண்டாவில் கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலைக் கதையிலிருந்து தொடங்குவோம். இங்கே காணி பரப்புக் கணக்கில்தான் பேசப்படும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், குழி என்ற அளவும் வரும், 18 குழி ஒரு பரப்பு. கொழும்பில் பேர்ச்சஸ் கணக்கில் விலை கேட்டுப் பழகியவர்கள் இங்கே தரகர் "பரப்பு இத்தனை லட்சம்" என்றதும் மலிவு என்று நினைப்பதும் உண்டு, மயங்கி விழுவதும் உண்டு. பத்தால் பிரித்துப் பாருங்கள்.

ஏன் ஏறியது? யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் இடமில்லை. அதை ஒட்டிய நல்லூரும் எங்கள் திருநெல்வேலியும் எப்போதோ நிறைந்துவிட்டன. திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருப்பதால் அதைச் சுற்றி அரை மைலுக்கு அறை வாடகையே ஒரு தொழில். ஆகவே சனம் காங்கேசன்துறை வீதி வழியாகக் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம் என்றும், பலாலி வீதி வழியாகக் கோண்டாவில், உரும்பிராய் என்றும் நகர்ந்தது. யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில் மூன்றுக்கும் நிலையம் உண்டு. அது ஒரு காரணம். 2022இல் ரூபா விழுந்தபோது டொலருக்கு இருநூறு சொச்சமாக இருந்தது சில மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது, அது இன்னொரு காரணம். வெளிநாட்டில் உழைப்பவருக்கு அதே காணி திடீரென்று மலிவு. இங்கே சம்பளத்துக்கு இருப்பவருக்கு அது எட்டாத உயரம். ஒரே காணிக்கு இரண்டு உலகத்துக் காசு போட்டி போட்டால் எது வெல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைத் தரகர் சொல்லமாட்டார். காணி இருக்கிறது, வீடும் இருக்கிறது, விற்கத்தான் ஆளில்லை. எந்த ஒழுங்கைக்குள், அதாவது சின்னத் தெருவுக்குள், போனாலும் ஒன்றிரண்டு வீடு பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர் நோர்வேயிலோ லண்டனிலோ. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் வந்து கதவைத் திறப்பார், சிலர் அதற்கும் வருவதில்லை. அவருக்கு அந்தக் காசு அவசரமில்லை, ஊரில் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பு அவசியம். ஆகவே சந்தைக்கு வருவது கொஞ்சம், அதற்கும் விலை வைப்பது அவசரமில்லாதவர். திருவிழா மாதத்தில் மட்டும் விலை பேசாதீர்கள். அந்த மாதத்தில் தரகருக்குக் கண்ணிலே வெளிநாட்டுக்காரர்தான் தெரிவார், நீங்கள் வெள்ளவத்தை என்றால்கூட நம்பமாட்டார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கை முன்பு எட்டடி. இரண்டு பக்கமும் கிளுவங்கதியால் வேலி. லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் போகும், லொறி போகாது. வீடு கட்டுகிறவர்கள் மணலைச் சந்தியில் கொட்டுவித்து, அங்கிருந்து தள்ளுவண்டியில் இழுப்பார்கள், அந்தக் கூலியே ஒரு அறை கட்டுகிற செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடினோம். ஒழுங்கையில் பதினொரு வளவு, அதாவது வீட்டுக்காணி. ஆளுக்கு இரண்டடி உள்ளே போனால் பன்னிரண்டடி வரும், பிரதேச சபையிடம் தார் கேட்கலாம். ஏழு பேர் அங்கேயே ஓம் என்றார்கள். ஒருவர் வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய் மறுநாள் ஓம் என்றார். இரண்டு வீடு பூட்டு. அதில் ஒருவரை லண்டனில் வாட்ஸ்அப்பில் பிடித்தோம். நான் வேலியடியில் நின்று டேப்பை விரித்து இரண்டடியைக் காட்டினேன்.

"அந்த வேம்பு உள்ளுக்கையா, வெளியிலையா?" என்று கேட்டார்.

"வெளியில வருது அண்ணை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது அப்பா வைச்ச மரம்."

மரத்தை விட்டு வளைத்தோம். இன்றைக்கும் ஒழுங்கை அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது, தார் போட்டவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த லண்டன்காரர் தன் செலவில் மதிலும் கட்டி, பக்கத்து விதவைத் தாயின் வேலிக்கும் காசு அனுப்பினார். பூட்டிக் கிடந்த மற்ற வீட்டுக்காரரின் தங்கச்சி சுன்னாகத்தில், அவர் வந்து கையெழுத்து வைத்தார். கடைசி ஆள், இங்கேயே இருப்பவர், இன்றுவரை விடவில்லை. அவருடைய மதிலடியில் மட்டும் ஒழுங்கை பத்தடி. அம்புலன்ஸ் வந்தால் அந்த இடத்தில் சாரதி கண்ணாடியை மடித்துக்கொண்டு ஊர்வார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒழுங்கையின் அந்தலையில், கடைசி முனையில், ஒரு காணி மூன்று வருடமாக விற்காமல் கிடந்தது. தார் விழுந்து ஒரு வருடத்துக்குள் விற்றது, அதுவும் ஒழுங்கை வாசலில் என்ன விலையோ கிட்டத்தட்ட அந்த விலைக்கு. காணிக்கு ஒரு கல் கூட யாரும் வைக்கவில்லை. பதினொரு வீட்டுக்காரர் ஒரு பின்னேரம் கூடிப் பேசினதுதான் அந்த விலை. ஆகவே காணி பார்க்கப் போகிறபோது காணியைக் கடைசியாகப் பாருங்கள். ஒழுங்கையில் லொறி திரும்புமா, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, எத்தனை வீட்டில் இரவு விளக்கு எரிகிறது, சனம் ஒன்றோடொன்று பேசுகிறதா, அதை முதலில் பாருங்கள்.

சட்டப் பக்கம் சொல்ல நிறைய உண்டு, உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். வடக்கில் தேசவழமைச் சட்டம் உயிரோடு இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1706 அளவில், எழுதி வைக்கப்பட்ட வழக்கம் அது, பிறகு 1911இலும் 1947இலும் சட்டமாகத் திருத்தப்பட்டது. அதில் உங்களைத் தொடுவது இரண்டு. ஒன்று, கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்றப் பங்காளிகளுக்கும் அவருடைய வாரிசுகளாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் எழுதின உறுதி பிறகு வழக்காக வந்து நிற்கும். இரண்டு, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தாய் சீதனமாகக் கொடுத்த காணியாக இருந்தாலும் சரிதான். கணவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்தக் காலத்தில் இது வெட்கக்கேடு என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் இருக்கிற மட்டும் உறுதி எழுதும் நொத்தாரிசு அதைக் கேட்கத்தான் செய்வார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழக்கம். அதனால்தான் ஒரு பழைய வளவு மூன்று மகள்களுக்குத் துண்டாகி, அவர்கள் பிள்ளைகளுக்கு இன்னும் துண்டாகி, கடைசியில் உறுதியில் "பிரிபடாத பங்கு" என்று வந்து நிற்கும். அதோடு "கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்" என்றொரு வரி வரும். அந்த வரியைக் கவனமாக வாசியுங்கள். நான் சங்கிலி பிடித்த காலத்தில் ஒரு வளவை அளந்தோம். கிணறு எல்லைக் கல்லில் சரி நடுவே. ஒரு பாதிக் கிணறு இந்தப் பக்கம், மறு பாதி மதிலுக்கு அந்தப் பக்கம், மதிலைக் கிணற்றுக்கு மேலாலேயே பாலம் மாதிரிக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கப்பி. அக்கா தங்கச்சி குடும்பம், பேச்சுவார்த்தை இல்லை, ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

காணியின் பெயரையும் கேளுங்கள். இங்கே ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு, உறுதியில் இருக்கும். "கலட்டி" என்று வந்தால் கல்நிலம், அத்திவாரம் சுகம், கிணறு வெட்டுவது சிரமம். "பள்ளம்", "தரவை" என்று வந்தால் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பெயர் வைத்த கிழவர்களுக்கு எங்களைவிட அந்த மண்ணைத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30 யுத்த இடப்பெயர்வில் எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பிப் போனது. பெட்டியோடு உறுதிகளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். மூல உறுதி இல்லை என்று யாரும் சொன்னால் உடனே கள்ளன் என்று நினைக்க வேண்டாம், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் பிரதியோடு நின்றுவிடாமல், குறைந்தது முப்பது வருடத்துப் பதிவுகளைத் தேடுவித்துப் பாருங்கள், ஈடு, அதாவது அடமானம், வைத்திருக்கிறதா என்றும் அதில் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் அற்றோர்னித் தத்துவம் என்கிற அதிகாரப் பத்திரத்தோடு ஒருவர் விற்க வந்தால், சொந்தக்காரரோடு நேரே வீடியோவில் பேசாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அண்ணாவின் காசு விடயம். அவர் கனடியப் பிரசை என்றால், இலங்கைப் பிரசாவுரிமையையும் இரட்டையாக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், உறவுமுறையில் முதுசமாக வருவதை ஏற்கலாம், இரட்டைப் பிரசை என்றால் தடையில்லை. சிலர் "தம்பி பேரில எழுதுவம், பிறகு பாப்பம்" என்பார்கள். அந்தப் "பிறகு" வரும்போது அண்ணாவும் தம்பியும் பேசாமல் இருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பங்கு கடனா, அன்பளிப்பா என்று இப்போதே ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வையையும் கணக்கில் சேருங்கள்: பெறுமதியில் முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நொத்தாரிசுக் கூலியும் தரகர் கமிசனும் தனி.

தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீரெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழை. மேலே என்ன கொட்டுகிறோமோ அதுதான் கீழே. தோட்டத்து யூரியா, மலசலகூடக் குழி எல்லாம் கல் வெடிப்பால் இறங்கும். சுன்னாகம் பக்கத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதனால் நீங்கள் வாங்கும் கிணற்றுத் தண்ணீரை நைத்திரேற்றுக்கும் எண்ணெய்க்கும் பரிசோதித்த பிறகே பேச்சு. முன்பு பத்துப் பரப்பில் ஒரு வீடும் ஒரு குழியும் இருந்த இடத்தில் இப்போது ஐந்து வீடு, ஐந்து குழி, ஐந்து கிணறு. பக்கத்து வளவின் குழி உங்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கோண்டாவில், இணுவில், உரும்பிராயில் இன்னொரு ஆசையும் வரும்: செம்மண் தோட்டத்தை வெட்டி விற்கிறார்கள். வாழையும் வெங்காயமும் புகையிலையும் நின்ற நிலம். பார்க்க அழகாக இருக்கும், நேரான துண்டுகள், கொங்கிறீற்றுத் தூண் அடித்த எல்லை. அந்த மண் ஒருமுறை சீமெந்துக்குக் கீழே போனால் போனதுதான், எனக்கு அதில் மனமில்லை. அதைவிட நடைமுறைக் காரணமும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஊர் இருக்காது. எல்லாரும் புதுசு, எல்லாருக்கும் ஏழடி மதில். வயல் நிலம் என்றால் நிரப்புவதற்கே கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், "பிறகு எடுக்கலாம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

சனத்தோடு ஒட்ட முடியுமா என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் கடைசியாக இருந்தது. எனக்கு அதுதான் முதல்.

முன்பு வேலியில் "பொட்டு" என்று ஒன்று இருக்கும். இரண்டு கதியாலுக்கு இடையில் ஆள் நுழையக்கூடிய ஓட்டை. கறி போகும், பிள்ளை போகும், கதை போகும். மதில் வந்ததும் பொட்டு அடைபட்டது. அந்த வேலையில் ஒரு பங்கை இன்றைக்கும் செய்வது சனசமூக நிலையங்கள்தான். காலையில் நாலைந்து பேப்பர் விரித்துக் கிடக்கும், ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள், மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்கள். பின்னேரம் பெடியள் கரப்பந்தாட்டம். பின்னால் உள்ள அறையில் முன்பள்ளி. மாதர் சங்கம் சேமிப்புக் கணக்குப் பார்க்கும். மழை தொடங்கினால் டெங்குச் சிரமதானம். எல்லா இடமும் இப்படி இல்லை, வெளிநாட்டுக் காசில் இரண்டு மாடி எழும்பி, பேப்பர் படிக்க ஆளில்லாமல் சாவி கிராம அலுவலரிடம் தொங்குகிற நிலையங்களும் எனக்குத் தெரியும். அதனால் கட்டடத்தைப் பார்த்து ஏமாறாமல், பின்னேரம் ஐந்தரைக்குப் போய் ஒரு வாங்கில் இருந்து பாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் யாராவது "தம்பி ஆற்ற ஆள்?", அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்பார். யாரும் கேட்கவில்லை என்றால் அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது.

அம்மாவின் ஊர் என்றால் கொக்குவிலில் உங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது, அது ஒரு வசதி. அதே கேள்விக்குள் சாதி விசாரிப்பும் ஒளிந்திருக்கும் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. காணி விற்கிறவர் "ஆருக்குக் குடுக்கிறம்" என்று பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. "வேற ஆள் கேட்டிருக்கினம்" என்று நல்ல விலையையே திருப்பி அனுப்பின சம்பவங்களை அளக்கப் போன இடங்களில் கண்டிருக்கிறேன். கோவில் உபயமும் சில இடங்களில் அப்படித்தான், திருவிழா நாள்கள் குடும்பம் குடும்பமாகப் பங்கு போட்டபடி. புதிதாக வருகிறவர் அதற்குள் போய் இடம் பிடிக்கப் பார்க்காமல், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் இடத்தில் போய்க் குந்துவது நல்லது. அங்கே கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, செத்த வீடு. பக்கத்தில் ஒரு மரணம் என்றால் தெரியாத ஆள் என்று நிற்காமல் போய்விடுங்கள், கதிரை இறக்க ஒரு கை கொடுங்கள். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் போகலாம், செத்த வீட்டுக்கு அப்படியில்லை. எங்கள் ஒழுங்கையின் அந்தலைக் காணியை வாங்கினவர் வவுனியாக்காரர், ஒரு வருடம் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ஒரு மழை இரவில் முன்வீட்டு ஐயா தவறிவிட, தன் ஜெனரேற்றரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது அவர்தான் நிலையத்தின் பொருளாளர்.

பாடசாலைக்காக அவசரப்படுகிறீர்கள் என்றால் ஒரு கணக்கு. முதலாம் தர அனுமதியில் வதிவிடத்துக்குத்தான் பெரும் பங்கு, அதிலும் ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவும் காணி உரித்தும் புள்ளி தரும். மூத்த பிள்ளைக்கு இப்போது காணி வாங்கி அந்தப் புள்ளி முழுவதும் எடுக்க நேரமில்லை. பட்டினத்துப் பெரிய பாடசாலைக்குப் பக்கத்தில் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

கட்டுவதா, கட்டினதா? என்னைக் கேட்டால், முதல் வருடம் இரண்டும் வேண்டாம். பூட்டிக் கிடக்கிற வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். சொந்தக்காரருக்கும் வீட்டில் விளக்கு எரிய ஒரு ஆள் வேண்டும், குடும்பமாக வருகிறவர் என்றால் விரும்பியே கொடுப்பார்கள். விளம்பரத்தில் வராது, சனசமூக நிலையத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் கேட்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் ஒரு மாரி, ஒரு கோடை, ஒரு திருவிழா பார்த்துவிடுவீர்கள். நல்ல காணி விளம்பரத்துக்கு வருமுன்னமே ஒழுங்கைக்குள் கைமாறிவிடும், அந்தக் கதை காதில் விழுகிற தூரத்தில் நீங்கள் இருப்பீர்கள். பழைய வீடு கிடைத்தால், அதுவும் நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடாக இருந்தால், இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்லுகிற மேசனை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசித்துக் கூப்பிடுங்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல்லில் வராது.

கார்த்திகையில் வாருங்கள், நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்து. இரவு ரயிலில் ஏறினால் விடிய வந்துவிடலாம். நிலையத்திலிருந்து ஓட்டோ பிடிக்காமல் ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்து வாருங்கள், செருப்பைக் கையில் எடுக்க வேண்டிய ஒழுங்கைகளைக் குறித்துக்கொண்டு. என்னிடம் பழைய டேப் இன்னும் இருக்கிறது, நூறடி. வந்தால் இரண்டு மூன்று காணியை இருவருமாக அளந்து பார்க்கலாம்.